மாடிக்குப் பத்து நிமிடம்

நூற்றைம்பது வருடம் உடையாமல் இருந்த சீனத்து ஜாடியை நான் ஒரே நொடியில் உடைத்தேன். "மூணாவது படி கொஞ்சம் உயரம், பார்த்து வாங்க" என்று பின்னால் வந்த பதினோரு பேரையும் எச்சரித்தபடியே அதே படியில் இடறினேன். பிடிமானத்துக்கு அகப்பட்டது ஜாடிதான். இருவரும் சேர்ந்தே கீழே வந்தோம்.

சத்தம் கேட்டு பஷீர் ஓடிவந்தான். குயின் ஸ்ட்ரீட் பக்கத்துப் பழைய வீடொன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதற்கு அவன்தான் மேனேஜர். தங்குபவர்களைத் தவிர வேறு யாரும் வாசலைத் தாண்ட முடியாது. நான் சனிக்கிழமைதோறும் தமிழில் ஜார்ஜ்டவுனைச் சுற்றிக்காட்டுகிறவன் என்பதால் என் குழுவுக்கு மட்டும் சலுகை. மாடி முன்னறை வரைக்கும் பத்து நிமிடம்.

"என்னண்ணே இது! அடி பட்டுருச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சீன ராணி காலத்து ஜாடி போச்சே, பஷீர்."

"அது போன வருஷம் ஆன்லைன்ல வாங்குனதுண்ணே." அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். "ஆனா முதலாளி கேமராவுல பார்ப்பாரு லா. இன்னைக்கு மட்டும் ஏறிப் பார்த்துட்டுப் போங்க. அடுத்த வாரத்துலேருந்து குரூப் உள்ள வேணாம். வாசல்ல நின்னு பேசிக்கங்க."

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பேசியில் ஜாடித் துண்டுகளைப் படம் பிடித்தார்கள். லோகேஸ்வரியின் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

ஐம்பதைத் தாண்டியவர். அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, பதினாறு வாரமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வருகிறார். பினாங்கு வரலாற்றை ஒருமுறை கேட்டால் போதும். என் வாயால் கேட்டால் அதுவே அதிகம்.

முதலில் சுற்றுலா அலுவலகம் அனுப்பிய வேவுக்காரர் என்றுதான் பயந்தேன். ஆனால் நான் கோட்டையில் பீரங்கியைப் பற்றிக் கதை விடும்போது அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கூண்டில் கொட்டாவி விடுவார். எல்லோரையும் தடுமாற வைக்கும் அந்த மூன்றாவது படியை மட்டும், முதல் நாளே, குனிந்து பாராமல் ஏறினார். என்ன நடை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஏன் வருகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒருமுறை "சும்மாதாண்ணே" என்றார். இன்னொரு முறை "நடந்தா முட்டிக்கு நல்லதுண்ணே" என்றார். அந்த 'அண்ணே'யை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஊர் ஆறே வருஷம்தான் தலைநகரமா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பதவி சிங்கப்பூருக்குப் போயிருச்சு" என்று நான் சொன்னால் கூட்டம் சிரிக்கும். என் மனைவியும் ஆறே வருடத்தில் சிங்கப்பூருக்குத்தான் போனாள். அதை நான் சொல்வதில்லை. பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்த பிறகு, என் வீட்டில் எனக்குப் பதில் சொல்வது ரைஸ் குக்கர் ஒன்றுதான். அதுவும் சோறு வெந்த பிறகு ஒரே ஒரு முறை.

ஆகவே நான்கு மாதமாக வியாழக்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டிவிடுகிறேன். வேறென்ன செய்ய?

லோகேஸ்வரி யாருக்கும் காத்திராமல் மாடியேறிப் போயிருந்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். மிளகு வியாபாரி ஒருவர் காதலிக்காகக் காத்திருந்தே நரைத்துப்போன அறை என்று வாராவாரம் நான் அளக்கும் அந்த முன்னறையில், ஜன்னலோரச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார்.

"இனிமே நெசமாவே உள்ள விடமாட்டாங்களாண்ணே?"

"என்னால வந்த வினை. கவலைப்படாதீங்க, வாசல்ல நின்னே இதைவிட நல்லா பேசுவேன்."

"நீங்க கெஞ்சிக் கேட்டா?"

"பஷீர் கால்ல விழணுமா? இன்னைக்கு ஏற்கெனவே ஒரு தடவ விழுந்தாச்சு."

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்காக ஒருவர் கண் கலங்கி எத்தனை வருடம் ஆகிறது! இடுப்பு வலிகூட மறந்துபோனது.

"லோகேஸ்வரி, ஒண்ணு கேட்பேன். முட்டி கிட்டின்னு சொல்லாம நேராப் பதில் சொல்லணும். இத்தனை வாரமா எதுக்கு வர்றீங்க?" தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கீழ போயி, ஒரு டீ குடிச்சுக்கிட்டே சொன்னாலும் சரி."

"வேணாண்ணே. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு."

கீழே பஷீர் துடைப்பத்தால் ஜாடித் துண்டுகளைக் கூட்டும் சத்தம் கேட்டது. அவர் சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"நான் பொறந்த ரூம் இது. உங்களோட வந்தாத்தான் உள்ள விடுறாங்க."