வானம் சிவந்த வியாழக்கிழமை

"சொல்லுங்க, எல்லாரும் ஆசையாக் கேக்கறாங்கல்ல" என்று கணவனைத் தூண்டிவிட்டு, சாரதா வடைத் தட்டை நடுவில் வைத்தாள். வந்திருந்தவர்கள் கண்ணுக்கு அவள் புருஷனை நினைத்துப் பூரிக்கிற மனைவியாகத்தான் தெரிந்தாள். உள்ளுக்குள் அவள் எண்ணெய்ச் சட்டியை விட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். இரண்டாயிரமாவது வருடம், ஏப்ரல் முதல் வாரத்து வியாழக்கிழமை, நியூ ஜெர்சிக் கடற்கரையில் வடதுருவ ஒளி தெரிந்தது. அலாஸ்கா பக்கம் தெரிய வேண்டியது இத்தனை தெற்கே இறங்கி வருவது எப்போதோ ஒரு தடவைதான். அதைத் திருமூர்த்தி ஆபீஸிலிருந்து நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் இருந்த சாரதாவுக்கு ஒரு போன் கூட இல்லை.

பதினொரு வருட அமெரிக்க வாழ்க்கையில் அவள் அவனிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். இந்தப் பக்கம் எப்போது வந்தாலும் முதலில் உன்னைத்தான் கூட்டிப்போவேன் என்று அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று வீடு திரும்பியவன், ஷூவைக் கூடக் கழற்றாமல் வர்ணிக்க ஆரம்பித்தான். தனியாகத்தான் போனானாம். பார்னகெட் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஈ காக்கை இல்லையாம். வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிப்போவதற்குள் எல்லாம் மறைந்துபோயிருக்குமாம்.

சாரதா 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் பழிவாங்குவது என்று முடிவு செய்துவிட்டாள். கத்திச் சண்டை போட்டால் இரண்டு நாளில் ஆறிப்போகும், இதை ஆறவிட அவளுக்கு மனசில்லை.

மறுநாள் அவன் சமாதானத்துக்கு ஐசலின் கடைத்தெருவில் புடவை வாங்கி வந்தான். அவள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது பச்சை. பெட்டியைத் திறந்தால் அரக்கு. கல்யாணமானதிலிருந்து இது நாலாவது தடவை. கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதென்றால் துரைக்குக் கௌரவக் குறைச்சல். வழக்கமாக மாற்றி வரச் சொல்லி ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பவள், இந்த முறை வாயே திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் அவளே போன் செய்து கூப்பிட்டாள். பக்கத்துத் தெரு வசந்தாமணியும் அவள் வீட்டுக்காரரும், திருமூர்த்தியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற மதன், ஷ்யாமளா இருவரும். அவர் பார்த்த அதிசயத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். திருமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. பொண்டாட்டி கோபம் தீர்ந்துவிட்டது என்று நம்பிவிட்டான்.

"மீட்டிங் முடிஞ்சதும் நேரா டிரைவ் பண்ணிட்டுப் போயிட்டேன்" என்று ஆரம்பித்தான். "மொதல்ல வடக்கால லேசா வெளுத்துச்சு. அப்பறம் பாருங்க, குங்குமச் சிமிழைக் கொட்டிவிட்டாப்பல அப்படியே செவந்துபோச்சு. ஓரத்துல ரோஸு, நடுவுல ரத்தச் செவப்பு."

வசந்தாமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ரோஸும் செவப்பும் தனித்தனியாத் தெரிஞ்சுதுங்களா?" என்று சாரதா கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்சுது. நாந்தான் நின்னு பாத்தனே."

"நீங்க மட்டும் தனியா நின்னா பாத்தீங்க?"

"வேற யாரு இருக்காங்க அங்க?" என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு வடையை எடுத்தான்.

வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. சாரதாவை விட்டுவிட்டு இப்படித் தனியாகப் போய்ப் பார்த்த மனுஷனுக்கு நானாக இருந்தால் ஒரு மாதம் சோறு போட்டிருக்க மாட்டேன் என்றாள். சாரதா சிரித்தாள். அதற்குத்தான் புதுப் புடவை வாங்கித் தந்துவிட்டாரே என்று எழுந்து நின்று, முந்தானையை அகலமாக விரித்துக் காட்டினாள்.

"கலரு எப்படி எடுத்திருக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

"பச்சை. நீ கேட்ட அதே பச்சை" என்றான் திருமூர்த்தி பெருமையாக.

கூடமே சிரித்தது. மதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது நல்ல அரக்கு சார் என்றான். இதற்குத்தான் ஆம்பிளைகளைத் தனியாகப் புடவைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்றாள் வசந்தாமணி. திருமூர்த்தியும் அசடு வழியச் சிரித்தான்.

"சின்னதுலேர்ந்தே எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாட்டத்தான்..." என்று சொல்ல வந்தவன், பாதியில் நிறுத்தினான்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஷ்யாமளா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் தேடினாள்.

சாரதா முந்தானையை ஒழுங்காக இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"அப்ப வானம் செவந்ததை, பக்கத்துல நின்னு உங்களுக்குச் சொன்னது யாருங்க?"