மூன்றாவது விரல்

அன்று அக்கா வீட்டில் இருந்தவர்கள்: அக்கா சொர்ணலதா, அத்தான் பரமசிவம், நாக்கு வங்கியிலிருந்து வந்த நர்ஸ் எஸ்தர், நான்.

புற்றுநோயில் அக்கா நாக்கை இழந்திருந்தாள். என் நாக்கின் இணைப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து அவளுக்குப் புது நாக்கு வைத்தார்கள். நான்கே மாதத்தில் அது செருப்புத்தோல் போல இறுகிவிட்டது.

"பாக்குப் பழக்கம் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. நெஜந்தானா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆமா."

இரவு வேலையில் கண் சொக்காமலிருக்க ஆறு வருடமாகப் பாக்குப் பொட்டலம் மென்றவன் நான். அத்தான் முன்னால் சொல்லக் கூசித்தான் செல் கொடுத்தபோது இல்லை என்று எழுதினேன்.

"என் தம்பி... அதெல்லாம்... தொடமாட்டான்." அக்கா ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளிச் சொன்னாள்.

"அப்ப மூணு வெரலை ஒண்ணுமேல ஒண்ணா வாய்க்குள்ள விடுங்க சார். பாக்கு மென்னா வாய்ச்சதை இறுகிடும், அதுலேர்ந்து எடுத்து வளர்த்த நாக்கும் இறுகிடும். போடாதவங்களுக்குத் தாராளமா போகும்."

இரண்டுதான் போயின. மூன்றாவதைத் திணித்தேன். கடைவாய் கிழிந்து எரிந்ததே தவிர, வாய் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ வைக்க முடியுமாம்மா?" என்றார் அத்தான்.

"தச்சு வைக்க அவங்க அடிநாக்குல சதை மிச்சமில்ல சார்."

அத்தான் எழுந்து வாசல் கதவைத் திறந்தார். "கெளம்பு மாப்ள."

அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். என் பெயராக இருக்கலாம். அந்த நாக்கு புரளவில்லை.

நான் படியிறங்கும்போது பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.