நாற்பத்தெட்டு பவுண்டு வில்

"நீ ஒரு பைசா எடுக்க வாணாம் தம்பி! மொதல்ல இந்தக் கடைய உட்டுக் கீழ எறங்கு!"

நாகவல்லியின் குரல் வில்வித்தைச் சாமான் கடையின் மாடிப்படி வழியாக இறங்கி, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் போகிறவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"உடைச்சது நான், ஆன்ட்டி. வாங்கித் தர வேண்டியதும் நான்தான்." பரத்தின் குரலும் உயர்ந்துதான் இருந்தது.

"எம் பொண்ணுக்கு நான் வாங்கிக்கிறேன். எனக்கு இன்னா, கையா இல்ல?"

கைக்கு என்ன குறை? கள்ளிக்குப்பத்தில் லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் குடியிருப்புக்குத் தினமும் தோளுக்கு ஒன்றாக இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஏற்றுகிறவள் அவள். அதே குடியிருப்பின் மூன்றாவது மாடியில் லேப்டாப்பும் தானுமாக வசிப்பவன்தான் பரத். கரூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன். மின்விசிறியை வேகமாக வைத்தால் கட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

சண்டைக்குக் காரணம் போன வாரத்து ஆயுத பூஜை. கல்லூரி முடித்த மகள் காவ்யா, வில்வித்தையில் மாவட்ட அளவில் பேர் வாங்கியவள். தண்ணீர் வண்டிக்குப் பக்கத்திலேயே மகளுடைய, இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுப் பொரி படைத்திருந்தாள் நாகவல்லி. காவ்யா கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது வில் பிளந்து கிடந்தது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டால் அந்த வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். பொரிக்காக வந்திருந்த பரத், "சாரி, நான்தான் சும்மா இழுத்துப் பார்த்தேன்" என்று தலைகுனிந்து நின்றான். நாகவல்லி சிதறிய பொரியை அள்ளிக்கொண்டிருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. இடம் கிடைத்தால் ரயில்வே வேலைக்கு வழி பிறக்கும். மிச்சம் இருப்பது நான்கே நாள். கையில் வில் இல்லை.

"இன்னா ரோஷம் பாத்தியா நம்ம நாகுக்கு!" துணைக்கு என்று சொல்லிக்கொண்டு ஆட்டோவில் தொற்றி வந்திருந்த அயர்ன் கடை பஞ்சவர்ணம், யாரும் கேட்காமலே கடைக்காரர் யூசுப்பிடம் வியந்தாள். "ஒடச்சவனே தரேன்றான், இவ வாணாம்றா. வேற யாராச்சும்னா ஒரு ஜோடி செருப்பையும் சேத்து வாங்கிகினு போயிருப்பாங்கோ."

"சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்க்கா. வில்லப் பாருங்க" என்றார் யூசுப்.

பரத் இணையத்தில் படித்து ஒரு பட்டியலோடு வந்திருந்தான். இலைதழை வண்ணம் பூசிய வில் ஒன்றைக் காட்டினான்.

"அது வெளிநாட்டுல காட்டுப்பன்னி வேட்டைக்குப் போறவங்களுக்கு சார்" என்று சிரித்தார் யூசுப். "புதர்ல மாட்டாம இருக்கக் குட்டையா கீது. போட்டிக்கு நீளமா, கையில ஆடாம நிக்கணும். இங்க அத வெச்சிகினு பன்னிய தேடினா போலீஸ்தான் கெடைக்கும்."

நீளமான நீல வில் வந்தது. கூடவே குறிபார்க்கும் சைட், நாணை விடுவிக்கும் ரிலீஸ், வில்லின் ஆட்டத்தை அடக்க முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி. நாகவல்லி சுமாரானதைத் தொட்டால், பரத் நல்லதை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"காவ்யாவுக்குக் கட்டைவிரல்ல அழுத்துற ரிலீஸ்தான் பழக்கம். நாண் இழுக்குற நீளம் இருபத்தாறரை இன்ச்" என்றான் யூசுப்பிடம்.

பஞ்சவர்ணத்தின் காது நிமிர்ந்தது. "அளவே எடுக்காம சொல்லுது பாரு! எங்க ஊட்டுக்காரருக்கு எம் பேரே சில நாள்ல மறந்துடும்."

அம்மாவோடு வந்து ஓரமாக நின்றிருந்த காவ்யாவுக்கு மட்டும் கோபம் தணியவில்லை. "எல்லாம் நெட்ல படிச்சியே, அம்பில்லாம உடக்கூடாதுன்னு அங்க போடலயா? இந்தா, இதுக்கும் அதே நாப்பத்தெட்டு பவுண்டு இழுவதான். அன்னிக்கு இழுத்த இல்ல? இன்னிக்கும் இழு பாக்கலாம்."

"இழுத்தா மெதுவா திருப்பிக் கொண்டாரணும் சார், நடுவுல உட்டுடாதீங்க!" என்று பதறினார் யூசுப்.

அந்தக் கவலையே தேவைப்படவில்லை. நாண் அரைச் சாண் வந்தது. பரத்தின் முகம் சிவந்து, மூக்குக்கண்ணாடி நழுவியது. அதற்குமேல் ஒன்றும் அசையவில்லை.

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்தக் கையப் பாத்து வில்லு தானா பயந்து ஒடஞ்சிருக்கும்! இன்னொரு தபா இழு நைனா!"

காவ்யாவும் சிரித்துவிட்டாள். அவன் மறுபடி இழுத்தான். அதே அரைச் சாண்தான்.

"போதும், உடுங்க அந்தப் புள்ளய!"

நாகவல்லி வில்லைப் பிடுங்கினாள். இடக்கையை நீட்டி, நாணில் மூன்று விரல் போட்டு, கேனைத் தோளுக்கு ஏற்றுகிற வாகில் ஒரே இழுப்பு. நாண் அவள் தாடை வரை வந்து நின்றது. யூசுப் தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

"பாதி வரைக்கும்தான் முரண்டு புடிக்கும்" என்றாள் யாரையும் பார்க்காமல். "அப்பால பஞ்சாட்டம் வந்துடும். திருப்பிக் கொண்டாரசொல்லதான் வெடுக்குனு கைய உட்டுப் பூடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, நாணை அங்குலம் அங்குலமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள்.

காவ்யாவின் சிரிப்பு நின்றது. "அம்மா... இது உனக்கு எப்படித் தெரியும்?"

நாகவல்லி வில்லை மேசைமேல் வைத்தாள். "நீ இழுக்கசொல்ல எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தபா பாக்கணும்னு தோணிச்சு கண்ணு. இழுத்தேன், கைய உட்டுப் பூடுச்சு. உள்ள வந்த நீ யாரு ஒடச்சதுன்னு கத்தினப்போ, வாசல்ல நின்னுகினு இருந்த இந்தப் புள்ள எனக்கு முன்னாடி வாயத் தொறந்துடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அந்த நீல வில்லோடு போய் மாநில அணிக்குத் தேர்வான காவ்யா, தை பிறந்ததும் அந்த வில்லைப் பாதிகூட இழுக்க முடியாத மாப்பிள்ளைக்கே மாலையிட்டு, மூன்றாவது மாடிக்குக் குடிபோனாள்.