சந்தன சோப்பு

படகுத்துறை மேடையில் அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் தலைமைப் பொறியாளர் விஜயராகவன் மட்டும் சென்ட் போட்ட கைக்குட்டையால் பொத்தியிருந்தார். காலையில் வரைபடத்தில் கையெழுத்து வாங்க அபிராமபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோதே அதற்குச் சென்ட் அடித்துக்கொண்டிருந்தார். கால்வாய் நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. அந்தக் கைக்குட்டையைப் பார்த்தால்தான் குமட்டும்.

பயணிகள் கூடம் தயார். கண்ணாடிச் சுவர், ஏசி, மிதக்கும் மேடை எல்லாம் வந்துவிட்டன. மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் கருப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது.

மழைநீர் வடிகாலாம். கொளுத்துகிற மே மாதத்தில்.

குழாய்க்கு மேலே, கரையில் ஒரு வரிசை வீடுகள். அதைக் காலி செய்தால் நாற்றம் போய்விடும் என்று விஜயராகவன் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய அதிகாரி இன்று கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வீடுகளை இடிக்க வருவார்கள்.

அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. தெருமுனைக் கட்டணக் கழிப்பறைக்கு நடக்கிறார்கள். அதனால் என்ன, ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

எந்த வீட்டுக் கழிவு எந்தக் குழாயில் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சாயப்பொடி இருக்கிறது. கக்கூஸில் கொட்டித் தண்ணீரை விட்டால் போதும், வெளியே வரும் இடத்தில் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். போட்டுப் பார்க்கலாம் என்று விஜயராகவனிடம் இரண்டு முறை கேட்டேன். தண்டச் செலவு என்றார்.

“தமிழ்மாறா, பெரியவங்க முன்னாடி பாக்கெட்லேருந்து கையை எடு” என்று அதட்டினார்.

நான் எடுக்கவில்லை.

சுலோச்சனா எங்களிடம் சித்தாள். அந்த வரிசையில் கடைசி வீடு அவளுடையது. கலவைச் சட்டியை இறக்கிவிட்டு, அதிகாரி கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல்தான் கால்வாய்ப் பக்கம் திரும்பியிருப்பாள்.

“இன்னா சார் இது, பச்சையா வர்து!”

குழாயிலிருந்து கிளிப்பச்சையாகக் கொட்டியது. மேடைக்கு அடியில் பரவியது. அதிகாரி சட்டென்று பின்வாங்கினார்.

“பாத்தீங்களா சார், இந்த ஜனங்க எதைத்தான் கொட்டாம இருக்காங்க!”

விஜயராகவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். சீ, இதுவும் ஒரு மனுஷப் பிறவியா?

பேனாவைத் திறந்த அதிகாரி என் பக்கம் திரும்பி, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். ஐந்து விரலும் கிளிப்பச்சை.

“எவ்வளவோ தேய்ச்சுப் பாத்துட்டேன் சார், போகலை” என்றேன், விஜயராகவனைப் பார்த்து. “உங்க வீட்டுச் சந்தன சோப்பு போட்டும்.”