நான்கு சதவீதம்
சலவைக்கூடத்து நீண்ட மேசையில் படுக்கை விரிப்புகளை மடித்தபடியே அவள் செல்போனைப் பார்க்கிறாள். குடும்பத்தில் யார் போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும் செயலி அது, போட்டுக்கொடுத்தவன் கணவன்தான். நேற்றுக் காலை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அந்தச் செயலியிலிருந்து விலக மட்டும் மறந்துவிட்டான். அழைத்தால் எடுப்பதில்லை. அவன் பெயருக்கு எதிரே நேற்று மதியம் அறுபத்திரண்டு, இன்று காலை பத்தொன்பது, இப்போது நான்கு. அவன் போன் மிகப் பழையது. அந்த அகலமான பின் வைத்த சார்ஜர் இப்போது கடையில்கூடக் கிடைப்பதில்லை. அவன் விட்டுப்போன சார்ஜர், ரப்பர் பேண்டு சுற்றி, அவள் கைப்பையில் இருக்கிறது. போன் அணைந்தால் வந்துதானே ஆகவேண்டும். உலர்த்தும் இயந்திரம் உருண்டுகொண்டே இருக்கிறது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும் தோழி, "இன்னொரு தடவை கூப்பிட்டுத்தான் பாருங்களேன்க்கா" என்கிறாள். "வேணாம்டி. தானா இறங்கட்டும்." இருவரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்கிறார்கள். மறுபடி பார்க்கும்போது ஐந்து. பக்கத்தில் சின்னதாய் ஒரு மின்னல் குறி. தோழி எட்டிப் பார்க்கிறாள். "ஏறுதேக்கா! அப்ப நல்லாத்தான் இருக்கார்." "ஆமா, நல்லாத்தான் இருக்கார்." ஆறு. அப்படியானால் அந்த அகலமான பின் இன்னொரு வீட்டிலும் இருக்கிறது. அவள் அடுத்த விரிப்பை உதறி, ஒரு முனையைத் தோழியிடம் நீட்டுகிறாள். "பிடி."