இன்ஜினில் குளவி

மரம் அறுக்கும் அந்த மெஷின், ரத்னம்மாளுக்கு முன்பே சுயம்புவின் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்ஜின் இறுகிப்போய் மழைக்காலம் முழுக்கக் கட்டிலடியில் கிடந்தும் அதை விட அவனுக்கு மனமில்லை. இன்றைக்கு மனைவியையும் மெஷினையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் தாசையனிடம் வந்திருந்தான்.

“பிஸ்டன் போயிருக்கும். பேசாம புதுசு எடுத்திரு தம்பி.”

“புதுசுங்கிற பேச்சே வேண்டாம் அண்ணாச்சி. என்ன ஆனாலும் இதைத்தான் சரி பண்ணணும்.”

தாசையன் தலையில் அடித்துக்கொண்டு கவரைக் கழற்றினார். சிலிண்டரை ஒட்டி நெல்லிக்காய் அளவில் ஒரு மண் உருண்டை. குளவிக்கூடு. சுரண்டி எடுக்க ஸ்க்ரூடிரைவரை நீட்டியவரின் கையைச் சுயம்பு பாய்ந்து பிடித்தான்.

குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து உத்தரத்திலும் ஜன்னல் மூலையிலும் அவன் தேடாத இடமில்லை.

“புதுசே எடுத்துக்கிடுதேன்,” என்றான். “இதை இப்படியே மூடிக் குடுங்க.”

திரும்பும்போது ரத்னம்மாள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் காலை ஊன்றி ஊன்றி வண்டியை இறக்கினான். முதுகுக்குப் பின்னால் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“சாயங்காலம் பாயசம் வச்சு, நானே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள குளவி முந்திக்கிட்டுது.”

சுயம்பு வண்டியை ஓரங்கட்டி அணைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அந்த அமைதியில், அவள் மடியில் செத்துக் கிடந்த இன்ஜினுக்குள் ஏதோ மெல்ல உறுமியது.