டிரம்மருக்குக் கை வலி

"அண்ணே, கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக்கலாமா?"

டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார். ஒரு மணி நேர ஒத்திகையில் இது மூன்றாவது தடவை.

"அதுக்கென்ன, ரெஸ்ட் எடு," என்றார் பியானோவில் இருந்த அப்பா.

கதவோரம் நின்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாஸ் என்றாலே முதலில் அப்பாவின் பெயரைத்தான் சொல்வார்கள். பத்து விரலும் அப்படிப் பறக்கும். போன வருஷம் மூளையில் ரத்தக் கசிவு. நாற்பது நாள் நினைவே இல்லை. "இனிமே ஸ்பூன் பிடிச்சாலே பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

கண் விழித்த அப்பா முதலில் கேட்டது, "பியானோவை மூடி வெச்சிருக்கீங்களா? தூசி படியும்."

வலது கை மெல்லத் திரும்பி வந்தது. இடது கையில் மூன்று விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த எட்டு விரலை நம்பி அடுத்த வாரம் மேடை ஏறப்போகிறார்.

அவரே வலி என்று வாய் திறக்கவில்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கிற இந்த மனுஷனுக்குக் கை வலியாம்!

தண்ணீர் குடிக்க வெளியே வந்த டிரம்மரை மடக்கினாள்.

"மாமா, ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுதும்மா."

"அப்ப கச்சேரி முடியற வரைக்கும் வீட்ல இருங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

டிரம்மரின் முகம் சுருங்கியது. "இல்லம்மா, அது வந்து..."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், திறந்திருந்த கதவு வழியே அப்பாவைப் பார்த்தார். சொன்னால் அவர் காதில் விழும்.

"சரிம்மா," என்று குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் புது டிரம்மர் வந்தார். அசராத ஆள். இருபது நிமிஷம், முப்பது, ஐம்பது. எங்கேயும் நிற்கவில்லை. மகள் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"போதும்! நிறுத்துங்க!"

கத்தியது, அப்பாவோடு முப்பது வருஷமாக டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கிற அத்தை.

மகள் ஓடினாள். அப்பாவின் இடது கை விரல்கள் மடங்கி இறுகி, கட்டைகளின் மேல் அப்படியே கிடந்தன. பிரிக்க முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எதுக்கு நிறுத்தினீங்க? எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அப்பா.

அத்தை அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏண்டி, அவனை எதுக்கு அனுப்பினே?"

"கை வலின்னு அவர்தான் அத்தை..."

"அவன் கைக்கு என்ன கேடு? போன வாரம் என் வீட்டு பீரோவைத் தனியாளா மாடிக்குத் தூக்கினான்! உங்கப்பன் வாயிலேர்ந்து 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை வருமா? தலை போனாலும் வராது. அவரோட இடது கை எப்ப தடுமாறுதோ, அப்பத்தான் இவனுக்கு வலி வரும். இத்தனை நாள் கூடவே நின்னு பார்த்தியே, இது தெரியலையா?"

மகள் அப்படியே கிளம்பினாள். நேரே டிரம்மர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க."

"அதை விடு. அண்ணன் எப்படி இருக்காரு?" என்று பதறினார் அவர். விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் வர்றேன். ஆனா ஒண்ணு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. மனசு விட்டுடுவாரு."

கச்சேரியன்று அரங்கு நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் பழைய புயலைக் கேட்க வந்திருந்தார்கள். மீதிப் பேர் பரிதாபப்பட வந்திருந்தார்கள்.

புயல் வரவில்லை. ஒரே ஒரு ஸ்வரம் வந்தது.

அது கடைசி வரிசை வரைக்கும் போய் அடங்கும் வரை அப்பா காத்திருந்தார். பிறகு இன்னொன்று. முன்பெல்லாம் நூறு ஸ்வரத்தில் சொன்னதை இப்போது நாலில் சொன்னார். நாலும் நெஞ்சுக்குள் இறங்கின. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை அடக்கிக்கொண்டார்கள்.

நடுவில் இடது கை நழுவி மடியில் விழுந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

அப்பா அவசரப்படவில்லை. வலது கை மட்டும் தனியாக நடந்தது. டிரம்ஸ் மூச்சு விடுகிற சத்தத்தில் கூடவே நடந்தது. ரொம்ப நேரம் கழித்து இடது கை தானாக எழுந்து வந்து, அடி ஆழத்திலிருந்து ஒற்றை ஸ்வரத்தைத் தொட்டது.

கைதட்டத் தோன்றாமல் அரங்கமே உறைந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து இந்த பியானோவைக் கேட்டு வளர்ந்த மகளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இந்த வாசிப்பு இத்தனை நாள் எங்கே இருந்தது?

பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த ஆரவாரத்தில் டிரம்மர் முன்னால் குனிந்து, "அண்ணே, கை..." என்றார்.

அப்பா மைக்கை இழுத்தார். "எங்க டிரம்மருக்குக் கை வலி. பத்து நிமிஷம் இடைவேளை."

"நோயாளியே வாசிக்கிறாரு, இவனுக்கு என்னவாம்?" என்றது முன் வரிசைக் குரல் ஒன்று.

மகளுக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் அப்பாவிடம் போனாள். "அப்பா, மாமாவை எல்லாரும் பேசறாங்க. நிஜமா அவருக்கு..."

கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"தெரியும்மா. ஒரு நாள் வலது கையைப் பிடிச்சுக்கறான், மறுநாள் இடது கையைப் பிடிச்சுக்கறான். அவன்கிட்ட சொல்லிடாதே. பாவம், ரொம்ப நல்லா நடிக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கான்!"